நீச்சல் குளத்தை இறைப்பதற்கு முன் கிணற்றை எட்டிப் பாருங்கள்

மாசி பிறந்தால் போதும், என் போனுக்கு வீடியோக்கள் வர ஆரம்பித்துவிடும். கருங்கல் பக்கமோ திருவட்டாறு பக்கமோ விளையில் (தோட்ட நிலத்தில்) வீடு கட்டி, பின்புறம் ஒரு நீச்சல் குளமும் போட்டுவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்புவது. ஏப்ரலில் பிள்ளைகளோடு லீவுக்கு வருகிறோம், இதில் காட்டுகிற மாதிரியே திறந்து வையுங்கள் அண்ணா என்பார்கள். வீடியோவில் ஒரு அமெரிக்காக்காரர் பனி விலகிய தோட்டத்தில் நின்றுகொண்டிருப்பார். அங்கே குளிரில் குழாய்க்குள் கிடக்கும் தண்ணீர் உறைந்து விரிந்து குழாயையே பிளந்துவிடும், அதனால் காற்றடித்து வற்றவைத்து அடைத்துவிட்டு வசந்தத்தில் திறக்கிறார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் உறைய என்ன இருக்கிறது? இங்கே பூலை மூட வைப்பது மழைதான், அதுவும் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு தவணை. (குளம் என்றால் எங்கள் ஊரில் வயலுக்குப் பாயும் குளம்தான் நினைவுக்கு வரும், அதனால் பூல் என்றே எழுதுகிறேன்.)

போன வருடம் ஒரு வீட்டுக்குப் போனபோது வாசலிலேயே மோட்டார் சத்தம் கேட்டது. வீட்டுப் பாட்டா (தாத்தா) பெருமையாகச் சொன்னார்: "வெள்ளம் பாசி புடிச்சு நாறுது மக்களே, நீ வாறதுக்குள்ள எறச்சு விடலாம்னு பாத்தேன்." ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். அவருக்குக் கோபம். பக்கத்துக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய் எட்டிப் பார்க்கச் சொன்னேன். கிணற்றில் தரையிலிருந்து நாலு அடியிலேயே தண்ணீர் கிடந்தது. பூலின் ஆழப்பக்கம் ஆறு அடி.

விஷயம் இவ்வளவுதான். தண்ணீர் நிறைந்த பூல் கனமாக மண்ணில் உட்கார்ந்திருக்கும், காலியான பூல் ஒரு சிமெண்ட் தோணி. சுற்றியிருக்கும் மண்ணில் நிலத்தடி நீர் ஏறி நின்றால் அது அடியிலிருந்து மேலே தள்ளும். எட்டு மீட்டருக்கு நாலு மீட்டர் பூல் என்றால் அடிப்பரப்பு 32 சதுர மீட்டர், அடித்தளத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு நிலத்தடி நீர் நின்றால் தள்ளும் விசை கிட்டத்தட்ட 32 டன். 2021 நவம்பர் மழைக்குப் பிறகு நாஞ்சில் நாட்டில் வயல் ஓரமாக இருந்த ஒரு வீட்டில், சேறு புகுந்துவிட்டது என்று ராவோடு ராவாக இறைத்துவிட்டார்கள். காலையில் போய்ப் பார்க்கிறேன், ஆழப்பக்கம் ஒரு சாண் எழும்பி நிற்கிறது, டைல்ஸ் வெடித்து, குழாய் இணைப்பெல்லாம் பிய்ந்து கிடக்கிறது. அதற்கு மேல் இடித்துக் கட்டுவது ஒன்றுதான் வழி. சில பூல்களில் அழுத்தம் விடுகிற வால்வ் அடியில் இருக்கும், ஆனால் வருடக்கணக்கில் சேறு அடைத்த வால்வை நம்பி நான் இறைக்க மாட்டேன். டைல்ஸ் வேலைக்காக இறைத்தே ஆகவேண்டும் என்றால் கோடையில், கிணற்று மட்டம் பூலின் அடித்தளத்துக்கு நன்றாகக் கீழே போன பிறகு செய்யுங்கள்.

இறைத்தாலும் திரும்ப எதை வைத்து நிரப்புவீர்கள்? செம்மண்ணும் சரளையும் கலந்த மேற்குப் பக்கத்துப் பூமியில் பல கிணறுகளில் இரும்பு கரைந்திருக்கும். வாளியில் கண்ணாடி மாதிரி இருக்கும் தண்ணீர், குளோரின் பட்டதும் கட்டன் சாயா நிறத்துக்கு மாறிவிடும். உடனே பயந்துபோய் இன்னும் இரண்டு கிலோ பவுடர் கொட்டுவார்கள். அது அழுக்கு இல்லை, கரைந்திருந்த இரும்பு துருவாக வெளியே வருகிறது. அதைப் படியவைத்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆக, மழையில் பச்சையாகிப்போன பழைய தண்ணீரைச் சரிபண்ணுவது பெரும்பாலும் புதுத் தண்ணீரோடு மல்லுக்கட்டுவதைவிடச் சுலபம்.

எப்படி என்றால், முதலில் இலை. தை மாசியில் ரப்பர் இலை உதிரும் காலம் வேறு, குலசேகரம் பக்கத்துப் பூல்களில் அடியில் மெத்தை மாதிரி கிடக்கும். அது கிடக்கிற வரை போடுகிற குளோரினை எல்லாம் அதுவே தின்றுவிடும். மேலே மிதக்கும் குப்பையை இழுத்துப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடைக்குள் பார்க்காமல் கையை விடாதீர்கள், மூடிக் கிடந்த நாளில் அது தவளைக்கும் பாம்புக்கும் வீடு. எனக்கு ஒருமுறை தண்ணீர்ப்பாம்பு கிடைத்தது, விரியனாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரை இருக்காது.

அப்புறம் டெஸ்ட் கிட். பாதிப் பேர் இதைச் செய்யாமலேதான் குளோரினுக்குப் போகிறார்கள். பிஹெச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) 7.2 பக்கம் இருந்தால் போட்ட குளோரினில் மூன்றில் இரண்டு பங்கு கிருமி கொல்லும் வடிவத்தில் இருக்கும், 8 ஆகிவிட்டால் ஐந்தில் ஒரு பங்குதான் அப்படி இருக்கும். அதே காசு, அதே பவுடர், வேலை மட்டும் நடக்காது. பிஹெச்சைச் சரிசெய்த பிறகு சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ஷாக் கொடுங்கள், அதாவது ஒரேயடியாகக் கூடுதல் குளோரின் போடுங்கள், பகலில் போட்டால் வெயில் தின்றுவிடும். 40,000 லிட்டர் பூலுக்கு குளோரினை 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) ஏற்ற, 65 சதவீத கால்சியம் ஹைப்போ என்ற குளோரின் பவுடர் ஏறக்குறைய 600 கிராம் போதும். கிணற்றுக்குப் போடுகிற சாதா பிளீச்சிங் பவுடர் என்றால் அதைப்போல இரண்டு மடங்கு பிடிக்கும், சுண்ணாம்பும் சேர்ந்து விழும், வாளியில் கரைத்துத் தெளியவைத்து மேல் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். பவுடரைத் தண்ணீரில் போடவேண்டும், பவுடர் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. பிஹெச்சைக் குறைக்க ஆசிட் அளந்த மக்கில் குளோரின் அளக்காதீர்கள், விஷவாயு வரும். மிதவையில் போடும் டிரைக்குளோர் மாத்திரையையும் ஹைப்போ துகளையும் ஒரே டப்பாவில் சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். பம்ப் ரூமில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஈரத்தில் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

பாசி செத்தால் தண்ணீர் பச்சையிலிருந்து சாம்பல் நிறத்துக்கு வரும். அப்போது படிகாரம், மேலே சொன்ன அளவு பூலுக்கு சுமார் 2 கிலோ கரைத்துச் சுற்றவிட்டு, பம்பை நிறுத்திவிட்டு ஒரு ராத்திரி அசையாமல் விடுங்கள். காலையில் எல்லாம் அடியில் படிந்திருக்கும். அதை ஃபில்டர் வழியாக இழுக்காமல் வேஸ்ட் லைனில் வெளியே விடவேண்டும், இல்லையென்றால் ஃபில்டருக்குள் இருக்கும் மணல் அடைத்துக்கொள்ளும். அந்தத் தண்ணீரை மீன் குளத்துக்கோ வயல் வாய்க்காலுக்கோ திருப்பாதீர்கள்.

தண்ணீர் தெளிந்ததும் பிள்ளைகள் குதிக்கக் காத்திருப்பார்கள். இங்கேதான் நான் பொல்லாதவன் ஆகிறேன். பம்புக்கும் விளக்குக்கும் போகிற லைனில் மின்கசிவு வந்தால் உடனே கரண்டை அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா, டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா என்று பார்க்காமல் யாரையும் இறக்க மாட்டேன். மூடிக் கிடந்த மாதங்களில் எலி வயரைக் கடித்திருக்கும். அடியில் உறிஞ்சும் வாயின் மூடி உடைந்திருந்தாலும் அப்படித்தான், முடியோ கையோ மாட்டினால் பெரியவர்களாலேயே இழுத்து எடுக்க முடியாது.

பக்கத்தில் கேரளாவில் மூளையைத் தாக்கும் அமீபா பற்றிய செய்திகள் வந்ததிலிருந்து அம்மாமார்கள் கேட்கும் கேள்வி அதுதான். வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது, மூக்கு வழியாகத்தான் ஏறும், குடிப்பதால் வராது. குளோரின் 1 பிபிஎம்முக்குக் குறையாமல் எப்போதும் இருக்கிற பூலில் அதற்குப் பிழைப்பில்லை. பயப்பட வேண்டியது, மாதக்கணக்கில் சும்மா கிடந்த தண்ணீரில் 'ஒரு முங்கு' போடுவதற்குத்தான்.

பாட்டா வீட்டுப் பூல் ஐந்தாம் நாள் தெளிந்தது. பத்து ரூபாய் நாணயம் ஒன்றை ஆழப்பக்கம் போட்டு, கரையில் நின்று தெரிகிறதா என்று அவரையே பார்க்கச் சொன்னேன். தெரிந்தது. நாணயத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகும்படி சொன்னார்.