ஊட்டி, கொடைக்கானல் இ-பாஸ்: அனுமதியா, பதிவா?

ஏப்ரல் பிறந்துவிட்டால் குன்னூரில் இருக்கும் எனக்குக் கீழேயிருந்து ஃபோன் வரத் தொடங்கும். ‘கீழே’ என்றால் எங்கள் மலைப் பேச்சில் மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர், அதற்கப்பால் உள்ள எல்லா ஊரும். கோயம்புத்தூர்ப் பெரியப்பா வருடா வருடம் கேட்பது ஒரே கேள்விதான்: “கொரோனாதான் போயிருச்சே தம்பி, இன்னும் எதுக்குப் பாஸு?”

நியாயமான கேள்வி. இ-பாஸ் என்ற சொல்லே நம்மில் பலருக்கு 2020-இல்தான் காதில் விழுந்தது. ஆனால் அன்றைக்கு இருந்த இ-பாஸ் வேறு, இப்போது மலைக்கு வாங்கும் இ-பாஸ் வேறு. பெயர் ஒன்று, இணையதளத்தை நடத்துவதும் அதே தமிழ்நாடு மின்னாளுமை முகமை என்பதால் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது.

ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் குழப்பம் தீர்ந்துவிடும். அனுமதி என்றால் ஒருவர் உங்கள் மனுவைப் பார்த்து ‘சரி, வாங்க’ என்றோ ‘இப்போ வேண்டாம்’ என்றோ சொல்ல வேண்டும். பதிவு என்றால் ‘வருகிறேன்’ என்று தகவல் கொடுத்துவிட்டு நீங்கள் பாட்டுக்கு வரலாம். இ-பாஸ் இந்த இரண்டுக்கும் நடுவே மாறி மாறிப் போய் வந்திருக்கிறது. எந்த நேரத்தில் எதுவாக இருந்தது என்று பார்த்தால் விதி தானாகப் புரியும்.

கொரோனா காலத்துக் கதை

2020 மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கியதும் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வந்தது. திருமணம், இறப்பு, அவசர சிகிச்சை மாதிரி சில காரணங்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். விண்ணப்பத்தை அதிகாரி பார்ப்பார், நிராகரிக்கவும் செய்வார். இரண்டு மூன்று முறை போட்டும் கிடைக்காமல், நெருங்கிய சொந்தத்தின் காரியத்துக்கே போக முடியாதவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். அது முழு அனுமதி.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 17 முதல் அது மாறியது. ஆதார் அல்லது ரேஷன் அட்டை விவரமும் ஃபோன் எண்ணும் கொடுத்து விண்ணப்பித்தால் எல்லோருக்கும் உடனே பாஸ் என்று அரசு அறிவித்தது. அன்றோடு அது வெறும் பதிவாகிவிட்டது. செப்டம்பர் 1 முதல் மாவட்டங்களுக்கு இடையே அதுவும் தேவையில்லை என்றார்கள்.

ஆனால் மூன்று இடங்களுக்கு மட்டும் விலக்கு இல்லை: நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு. இந்த மூன்றுக்கும் போக அந்தந்த மாவட்டக் கலெக்டரிடம் இ-பாஸ் வாங்க வேண்டும். செப்டம்பர் இரண்டாவது வாரத்தில் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சில பூங்காக்களைத் திறந்து, பாஸோடு வரும் சுற்றுலாப் பயணிகளை விட்டார்கள். இரண்டாம் சீசன் தொடங்கும் நேரம். அதையும் இழந்திருந்தால் பல லாட்ஜ்கள் அப்போதே சாவியைத் திருப்பிக் கொடுத்திருக்கும்.

அடுத்த அலையில் பாஸ் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது. 2021 ஏப்ரல் 20 முதல் இந்த மூன்று மலைகளுக்கும் சுற்றுலாப் பயணிகள் எந்த நேரத்திலும் வரக்கூடாது என்று உத்தரவு. மே 17-இல் ‘இ-பதிவு’ என்ற புதுச் சொல் வந்தது. மருத்துவம், இறப்பு போன்ற தேவைகளுக்கு வெளியே போகிறவர்கள் தாங்களே விவரத்தைப் பதிந்துவிட்டுப் போகலாம், யாருடைய ஒப்புதலும் வேண்டாம். ஜூனில் தளர்வுகள் வந்தபோதும் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு, ஏலகிரி, குற்றாலம் ஆகிய ஐந்துக்கும் அவசரக் காரணம் இருந்தால் மட்டும், கலெக்டரின் இ-பாஸோடுதான் போக முடிந்தது. இ-பதிவு ஒரு பக்கம், இ-பாஸ் இன்னொரு பக்கம். மக்கள் தலையைப் பிய்த்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

சுற்றுலா ஊர்களை மட்டும் ஏன் இப்படிப் பிடித்து வைத்தார்கள்? கீழே இருப்பவர்களுக்கு இது ஓரவஞ்சனையாகத் தெரிந்தது. “காத்தோட்டமான இடம், மலையில என்ன கொரோனா?” என்று பெரியப்பா அப்போதும் கேட்டார். காற்று நல்ல காற்றுதான். ஆஸ்பத்திரிப் படுக்கைதான் கொஞ்சம். 2011 கணக்கெடுப்பின்படி நீலகிரி மாவட்டம் முழுக்க 7.35 லட்சம் பேர். ஊட்டி நகரத்தில் சுமார் 88,000, கொடைக்கானல் நகரத்தில் சுமார் 36,500. ஆஸ்பத்திரிகள் இந்தக் கணக்குக்கு ஏற்ற அளவில்தான் இருக்கும், சீசன் கூட்டத்துக்கு ஏற்ற அளவில் அல்ல. 2020-இல் ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி இன்னும் செயல்படத் தொடங்கவில்லை. மூச்சு திணறினால் ஆம்புலன்ஸில் ஏற்றி மலையிறங்கிக் கோயம்புத்தூர் போக வேண்டும். கொடைக்கானல் ஆட்களுக்குத் தேனி, திண்டுக்கல் அல்லது மதுரை. ஆக்சிஜனோடு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவது விளையாட்டில்லை. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் காட்டேஜில் படுத்துவிட்டால் அவருக்கும் அதே படுக்கை, அதே ஆம்புலன்ஸ்தான்.

இன்னொரு காரணம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. தமிழ்நாட்டில் ‘குறிப்பாகப் பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய’ பழங்குடிகள் என்று மத்திய அரசு வகைப்படுத்தியவர்கள் ஆறு இனத்தார்: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ஆறு இனத்தாரும் நீலகிரியில் இருக்கிறார்கள். தோடர்களைப் போல மொத்த எண்ணிக்கையே மிகச் சிறியதாக உள்ள ஒரு சமூகத்துக்குள் தொற்று புகுந்தால் என்ன ஆகும் என்ற பயம் இங்கே உண்மையாகவே இருந்தது.

‘எங்கும் போகலாம் என்பது அடிப்படை உரிமை இல்லையா?’ என்று கேட்பவர்களுக்கும் பதில் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 19-ஆம் பிரிவு நாடு முழுக்க நடமாடும் சுதந்திரத்தைத் தருகிறது. அதே பிரிவின் 5-ஆம் உட்பிரிவு, பொதுமக்கள் நலனுக்காகவோ பழங்குடியினர் நலனைக் காப்பதற்காகவோ நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்கிறது. பழங்குடியினர் என்ற சொல்லே அங்கே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

என்னைக் கேட்டால் 2021 ஏப்ரல் தடை சரிதான். ஆனால் அதன் விலையைக் கொடுத்தது யார் என்பதையும் சொல்ல வேண்டும். குதிரைக்காரர்கள், படகு இல்லத்து வாசலில் சோளம் சுடுகிறவர்கள், வர்க்கிக் கடைக்காரர்கள், டூரிஸ்ட் டாக்சி வைத்து மாதத் தவணை கட்டுகிறவர்கள். 2020, 2021 இரண்டு வருடமும் ஊட்டி மலர்க் கண்காட்சி நடக்கவில்லை. 124-ஆவது கண்காட்சி 2022 மே மாதத்தில்தான் நடந்தது. மே மாதத்தில் சம்பாதித்துப் பன்னிரண்டு மாதம் சாப்பிடும் ஊருக்கு இரண்டு மே போனால் என்ன மிச்சம்?

திரும்பி வந்த பாஸ்

தொற்று ஓய்ந்ததும் இ-பாஸை எல்லோரும் மறந்துவிட்டோம். 2024 ஏப்ரல் 29-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தூசி தட்டி எடுத்தது. கொரோனா காலத்தில் இருந்த முறையைப் போலவே நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் மே 7 முதல் ஜூன் 30 வரை இ-பாஸ் வேண்டும் என்று உத்தரவிட்டது. இந்த முறை காரணம் கிருமி இல்லை, வண்டி. நாளொன்றுக்குச் சுமார் 20,000 வாகனங்கள் நீலகிரிக்கு வருகின்றன, அதில் 11,000-க்கு மேல் கார்கள் என்பது அப்போது நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்கு. ஜூனில் முடிய வேண்டிய ஏற்பாடு செப்டம்பர் வரை நீண்டு, அப்புறம் மறு உத்தரவு வரை என்று ஆகிவிட்டது.

2024-இல் வந்தது பெயரளவில் பாஸ், உண்மையில் பதிவு. உச்சவரம்பு எதுவும் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்தது. எத்தனை வண்டி, எத்தனை பேர், எத்தனை நாள் என்று எண்ணுவதுதான் நோக்கம். மலை எவ்வளவு தாங்கும் என்று சென்னை ஐஐடியும் பெங்களூரு ஐஐஎம்மும் ஆய்வு செய்ய அந்த எண்ணிக்கை வேண்டியிருந்தது.

2025 மார்ச் 13-இல் நீதிமன்றம் அடுத்த படிக்குப் போனது. ஏப்ரல் 1 முதல் அந்தக் கோடைக்கு நீலகிரிக்குள் வார நாட்களில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000; கொடைக்கானலுக்குள் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000. இதோடு பதிவு மறுபடி அனுமதியாக மாறியது. ஒரு வித்தியாசம், 2020-இல் ‘வேண்டாம்’ என்று சொன்னவர் ஓர் அதிகாரி. 2025 கோடையில் சொன்னது ஓர் எண். உங்கள் காரணம் நல்ல காரணமா என்று யாரும் கேட்கவில்லை. முந்திக்கொண்டவருக்கு இடம். ஏப்ரல் 2-இல் நீலகிரி வியாபாரிகள் கடையடைத்துப் போராடினார்கள். கொரோனாவில் பட்ட அடி ஆறாதவர்களுக்கு மறுபடி ‘பாஸ்’ என்று கேட்டாலே வயிற்றைக் கலக்கும் அல்லவா.

யாருக்குத் தேவை, எப்படி வாங்குவது

இ-பாஸ் ஆளுக்கு அல்ல, வாகனத்துக்கு. பலருக்கு இதுதான் விளங்குவதில்லை. காரில் ஐந்து பேர் வந்தால் ஐந்து பாஸ் வேண்டாம், ஒன்று போதும். அரசுப் பேருந்தில் வந்தால் பாஸே வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10-க்குக் கிளம்பும் மலை ரயிலில் வந்தாலும் வேண்டாம். உச்சவரம்பிலும் இவை சேராது. ‘பாஸ் கிடைக்கல, டூர் கேன்சல்’ என்று சோர்ந்துபோகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: காரை மேட்டுப்பாளையத்தில் விட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள். ஊட்டியில் பார்க்கிங் தேடி அலையும் நேரமும் மிச்சம்.

உள்ளூர் வாகனங்களுக்கும், பால், காய்கறி, மருந்து போன்ற அத்தியாவசியப் பொருள் ஏற்றி வருபவற்றுக்கும், விவசாய விளைபொருள் வண்டிகளுக்கும், ஆம்புலன்ஸ் போன்ற அவசர வாகனங்களுக்கும் உச்சவரம்பு பொருந்தாது. நீலகிரியில் டிஎன் 43 என்று பதிவான வண்டியைப் பார்த்தாலே விட்டுவிடுவார்கள். குடியிருப்பு இங்கே, வண்டிப் பதிவு கோயம்புத்தூரில் என்பவர்களுக்குத்தான் சங்கடம். அவர்கள் முகவரிச் சான்றைக் காட்டி உள்ளூர் பாஸ் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். சோதனைச்சாவடியில் எளிதாகப் பிரித்தறிய நிறமும் வைத்தார்கள்: உள்ளூருக்குப் பச்சை, அத்தியாவசியப் பொருளுக்கு நீலம், சுற்றுலாவுக்கு ஊதா.

இணையதளம் இபாஸ் டாட் டிஎன்இஜிஏ டாட் ஓஆர்ஜி. இந்திய ஃபோன் எண் இருந்தால் ஓடிபி வரும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மின்னஞ்சல் வழியாகப் போகலாம். பெயர், வாகன எண், வண்டி வகை, எத்தனை பேர், வரும் நாள், திரும்பும் நாள், தங்கும் இடம் எல்லாம் கேட்பார்கள். நிரப்பினால் கியூஆர் குறியீட்டோடு பாஸ் வரும். கட்டணம் ஒரு ரூபாய்கூட இல்லை. ‘நான் எடுத்துத் தருகிறேன்’ என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். பாஸில் இருக்கும் எண்ணும் வண்டியின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். கிளம்பும் காலையில் பழைய கார் மக்கர் செய்து மச்சான் காரை எடுத்தால் புதுப் பாஸ் போட்டுவிடுங்கள். கிடைத்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், மலைப்பாதையில் சிக்னல் இருக்கும் என்று நம்ப முடியாது.

சோதனை நடப்பது மலைப் பாதைகளின் வாசலில். கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வந்தால் கல்லாறு, பர்லியாறு. கோத்தகிரிப் பாதையில் குஞ்சப்பனை. மைசூர்ப் பக்கம் கக்கநல்லா. கேரளப் பக்கம் நாடுகாணி போன்றவை. கொடைக்கானலுக்கு வெள்ளி நீர்வீழ்ச்சிச் சுங்கச்சாவடி. வார இறுதியில் அங்கே நிற்கும் வரிசையைப் பார்த்தால், கூட்டத்தைக் குறைக்க வந்த பாஸே ஒரு கூட்டத்தை உண்டாக்கியிருப்பது தெரியும்.

பாஸ் இருந்தும் முடியாதவை

இ-பாஸ் ஊருக்குள் நுழையத்தான். அறை, பூங்கா டிக்கெட், காட்டுக்குள் போகும் அனுமதி எதுவும் அதில் சேர்ந்ததில்லை. பேரிஜம் ஏரிக்குப் போக வனத்துறையிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். மலையேற்றம் போகிறவர்கள் வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ வழியாக முன்பதிவு செய்ய வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் அத்தனை உயிர் போனதற்குப் பிறகு இதில் யாரும் கண்டும் காணாமல் விடுவதில்லை. பந்திப்பூர் வழியாக வருகிறவர்கள் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை அந்தப் பாதை மூடியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அப்புறம் பாட்டில். செக்போஸ்டில் கியூஆரைப் பார்த்த கையோடு வண்டிக்குள்ளும் எட்டிப் பார்ப்பார்கள். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை; சின்னத் தண்ணீர் பாட்டிலும் அதில் வரும். கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி. பெரியப்பா ஒருமுறை அரை லிட்டர் பாட்டில் ஒரு கட்டு வாங்கிப் பின் சீட்டில் போட்டுக்கொண்டு வந்தார். பாஸ் சரியாக இருந்தது, பாட்டில் மொத்தமும் பர்லியாறிலேயே இறங்கிவிட்டது. இப்போதெல்லாம் பெரியம்மா எவர்சில்வர் தூக்கில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்து அனுப்புகிறார்.