வளையும் கம்பியிடம் கேட்கும் இரண்டு கேள்விகள்

இரண்டு கத்தி முனைகளை ஒரு மீட்டர் இடைவெளியில் நிறுத்தி, அவற்றின்மேல் 10 மி.மீ. விட்டமுள்ள மென் எஃகு உருளைக் கம்பி ஒன்றைக் கிடையாக வைத்து, அதன் நடுவில் ஓர் எடைத்தாங்கியைத் தொங்கவிட்டால் சோதனைக்கான ஏற்பாடு ஏறக்குறைய முடிந்துவிடும். தாங்கியில் ஒவ்வொரு கிலோவாக எடையைக் கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் கம்பியின் நடுப்பகுதி எவ்வளவு தொய்ந்தது என்று குறித்துக்கொள்வதுதான் வேலை. கல்லூரி ஆய்வகத்தில் இதைச் செய்தவர்களில் பலர், நீட்டவோ அமுக்கவோ முயன்றால் ஒரு பொருள் எவ்வளவு எதிர்க்கும் என்பதைக் காட்டும் யங் குணகம் என்ற ஓர் எண்ணைக் கண்டுபிடிக்கும் சடங்காகவே இதை நினைவில் வைத்திருப்பார்கள். உண்மையில் இந்தச் சோதனை கம்பியிடம் இரண்டு தனித்தனிக் கேள்விகளைக் கேட்கிறது. ஒரு குறிப்பிட்ட சுமைக்கு நீ எவ்வளவு வளைவாய் என்பது முதல் கேள்வி. எந்தச் சுமையைத் தாண்டினால் நீ பழைய நிலைக்குத் திரும்ப மாட்டாய் என்பது இரண்டாவது. முதலாவதற்கு விடை விறைப்பு, இரண்டாவதற்கு விடை வலிமை. அன்றாடப் பேச்சில் இரண்டையும் 'பலம்' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

கம்பி வளையும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க ஒரு நீளமான ரப்பர் அழிப்பான் போதும். அதன் பக்கவாட்டில் செங்குத்தாகச் சில கோடுகளை இணையாகப் போட்டுவிட்டு, நடுப்பகுதி கீழே இறங்கும்படி வளைத்தால், கோடுகள் நேராகவே இருக்கும். ஆனால் மேல்விளிம்பில் ஒன்றையொன்று நெருங்கி, கீழ்விளிம்பில் விசிறிபோல் விலகும். மேல் அடுக்குகள் அமுங்கிக் குறுகுகின்றன, கீழ் அடுக்குகள் இழுபட்டு நீள்கின்றன, இடையில் ஓர் அடுக்கு மட்டும் நீளவும் இல்லை, குறுகவும் இல்லை. நடுநிலைத் தளம் என்று சொல்லப்படும் அந்த அடுக்கிலிருந்து விலக விலகத் திரிபும் (நீளம் எந்த விகிதத்தில் மாறுகிறது என்பது), அதனோடு சேர்ந்து தகைவும் (ஓரலகுப் பரப்பில் எழும் உள்விசை) கூடுகின்றன. எனவே கம்பியின் மேல்தோலும் அடித்தோலுமே பெரும்பாடு படுகின்றன. நடுப்பகுதி ஏறக்குறைய சும்மா இருக்கிறது. கட்டடங்களில் உருளைக் கம்பியை உத்திரமாகப் போடாமல், உலோகத்தை மேலும் கீழும் ஒதுக்கிவைத்த 'ஐ' வடிவ உத்திரத்தைப் போடுவதற்குக் காரணம் இதுவே.

இந்த எளிய படத்தை எட்டுவதற்கு ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. சுவரில் ஒருமுனை பதிந்த உத்திரத்தைப் பற்றி 1638-இல் எழுதிய கலிலியோ, குறுக்குவெட்டு முழுவதும் ஒரே அளவில் இழுபடுகிறது என்றும், உத்திரம் தன் கீழ்விளிம்பைச் சுற்றித் திரும்ப முயல்கிறது என்றும் கொண்டார். அமுங்கும் பக்கம் ஒன்று இருப்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அதனால் செவ்வக உத்திரத்துக்கு அவர் கண்ட வலிமை, சுமை நீங்கினால் பொருள் பழைய வடிவுக்குத் திரும்பும் என்று கொள்ளும் மீட்சிக் கோட்பாடு தரும் மதிப்பைப்போல் மூன்று மடங்கு வந்தது. ஆனாலும் வலிமை அகலத்துக்கு நேர்விகிதத்திலும், உயரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடும் என்று அவர் சொன்னது இன்றும் சரியே. தவறான படத்திலிருந்து சரியான விகிதம் கிடைத்த விந்தை அது. நீட்சி விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற ஹூக் விதி 1678-இல் வெளிவந்த பிறகும், நடுநிலைத் தளத்தின் சரியான இடத்தைப் பற்றிய தெளிவு நெடுங்காலம் பரவவில்லை. 1773-இல் பிரெஞ்சுப் பொறியாளர் கூலும் பாரிஸ் அறிவியல் அகாதெமிக்கு அளித்த கட்டுரையில்தான் விசைகளின் சமநிலை முறையாகக் கையாளப்பட்டது.

இனி எண்களுக்கு வருவோம். மேலே சொன்ன கம்பியின் நடுவில் 1 கிலோ எடை தொங்கினால், தொய்வு 2 மி.மீ.க்குச் சற்றே கூடுதலாக இருக்கும். கத்தி முனைகளுக்கு இடைப்பட்ட தூரத்தை இரட்டித்தால் தொய்வு எட்டு மடங்காகும். அது நீளத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. தூரத்தை மாற்றாமல் விட்டத்தை இரட்டித்தால் தொய்வு பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கும். ஆனால் நீளத்தை இரட்டிக்கும்போது தோலில் எழும் தகைவு எட்டு மடங்காவதில்லை, இரண்டு மடங்குதான் ஆகிறது. அதாவது விறைப்பு எட்டில் ஒன்றாக வீழ்ந்த அதே மாற்றத்தில் வலிமை பாதியாகத்தான் குறைந்திருக்கிறது.

உலோகத்தை மாற்றினால் இந்த வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரியும். எஃகின் யங் குணகம் சுமார் 200 ஜிகாபாஸ்கல். அலுமினியத்தினுடையது சுமார் 70. ஒரே அளவுள்ள அலுமினியக் கம்பி ஏறக்குறைய மூன்று மடங்கு தொய்யும். விமான உறுப்புகளில் பயன்படும் வலுவான அலுமினியக் கலவைகள், சாதாரண மென் எஃகைப்போல் இரண்டு மடங்கு தகைவைத் தாங்கிவிட்டுப் பழைய வடிவுக்குத் திரும்பக்கூடியவை. ஆயினும் அந்தக் கலவையில் செய்த கம்பியும் அதே மூன்று மடங்குதான் தொய்யும். எஃகுக்குள்ளேயும் இதே கதை நடக்கிறது. கம்பியைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கிக் கடினப்படுத்தினாலும், கலப்பு உலோகங்கள் சேர்த்து விலையுயர்ந்த எஃகாக்கினாலும், தாங்கும் எல்லை உயருமே தவிர, 1 கிலோவுக்கு 2 மி.மீ. என்ற தொய்வு குறிப்பிடும்படி மாறாது. யங் குணகம் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பின் விறைப்பைப் பொறுத்தது. பெரும்பாலும் இரும்பு அணுக்களே இருக்கும்வரை அது பெரிதாக நகர்வதில்லை. வளைகிறது என்பதற்காக 'நல்ல எஃகாக' மாற்றச் சொல்பவர்களுக்கு, கம்பியைக் கொஞ்சம் தடிமனாக எடுக்கச் சொல்வதே பொருத்தமான யோசனை.

அளவெடுப்பதில் சில நுணுக்கங்கள் உண்டு. கம்பியின் நடுவில் மெழுகால் ஒட்டிய குண்டூசியின் முனையை நகரும் நுண்ணோக்கியின் குறுக்குக் கம்பியோடு பொருத்தி அளவைக் குறிக்கிறோம். நுண்ணோக்கி தலைகீழ்ப் பிம்பம் தருவதால், எடை கூடக்கூட ஊசிமுனை மேலே ஏறுவதுபோல் தெரியும். முதன்முறை பார்ப்பவர் தம் கையெழுத்தையே சந்தேகிக்கும் இடம் இது. சுமை ஏதும் இல்லாதபோதே கம்பி தன் எடையால் சுமார் 0.8 மி.மீ. தொய்ந்திருக்கிறது என்பதால், எடைத்தாங்கி மட்டும் தொங்கும் நிலையைத் தொடக்கமாகக் கொண்டு வேறுபாடுகளை மட்டுமே கணக்கிடுகிறோம். எல்லா எடைகளையும் ஓரிரு முறை ஏற்றி இறக்கிவிட்டு, கத்தி முனைகளின்மேல் கம்பி நன்றாகப் படிந்த பிறகே அளவுகளை எடுப்பது வழக்கம். ஏற்றும்போதும் இறக்கும்போதும் எடுத்த அளவுகளின் சராசரியே பட்டியலில் சேரும். ஆனால் விடையைக் கெடுப்பது பெரும்பாலும் நுண்ணோக்கி அல்ல, விட்டத்தை அளக்கும் திருகு அளவிதான். உருளைக் கம்பியில் விட்டம் நான்மடியாக வருவதால், 10 மி.மீ.யில் 0.1 மி.மீ. பிசகினால் யங் குணகத்தில் 4 சதவீதம் பிசகிவிடும். கம்பியின் பல இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் இரண்டு திசைகளில் விட்டத்தை அளப்பது சலிப்பான வேலைதான். ஆனால் சோதனையின் நம்பகத்தன்மை அதில்தான் இருக்கிறது.

ஆய்வகச் சோதனை, சுமைக்கு எதிரே தொய்வைக் குறிக்கும் நேர்கோட்டு வரைபடத்தோடு நின்றுவிடும். எனக்கு அதற்கு அப்பால் நடப்பதே சுவையானது. மென் எஃகு 250 மெகாபாஸ்கல் தகைவில் இளக, அதாவது பழைய வடிவுக்குத் திரும்பாதபடி உருமாறத் தொடங்குவதாகக் கொண்டால், நம் கம்பியின் தோல் அந்த அளவை எட்டுவது சுமார் 10 கிலோ சுமையில். அப்போது தொய்வு ஏறக்குறைய 21 மி.மீ. அதற்குமேல் எடை வைத்தால் வரைபடம் நேர்கோட்டை விட்டு விலகும், ஆனால் கம்பி உடனே மடங்கிவிடாது. இளகியது தோல் மட்டுமே. உள்ளே இருக்கும் அடுக்குகள் இன்னும் மீட்சி எல்லைக்குள் இருப்பதால், தோல் ஏற்க மறுத்த பங்கை அவை ஏற்றுக்கொள்கின்றன. இளகும் எல்லை தோலிலிருந்து நடுநிலைத் தளத்தை நோக்கி மெல்ல நகர்கிறது. குறுக்குவெட்டு முழுவதும் இளகி, நடுப்பகுதி ஒரு கீல்போல் மடங்குவதற்குத் தேவையான சுமை, உருளைக் கம்பிக்குத் தோல் இளகத் தொடங்கிய சுமையைப்போல் சுமார் 1.7 மடங்கு, அதாவது 17 கிலோ. செவ்வகப் பட்டைக்கு இது 1.5 மடங்கு. நடுவில் ஒற்றைச் சுமை வைத்தால், கம்பியை வளைக்கும் திருப்புத்திறன் அந்த ஒரு புள்ளியில்தான் உச்சத்தை எட்டும் என்பதால், மடிப்பும் அங்கேயே விழும். ஒரு நீண்ட பகுதி முழுவதும் ஒரே அளவில் வளைய வேண்டுமென்றால் சுமையை இரண்டு புள்ளிகளில் சமமாகப் பிரித்து வைக்க வேண்டும்.

இளகுதல் என்பது அணுப் பிணைப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் அறுந்துபோவதன்று. படிகத்தில் அணு வரிசை ஓரிடத்தில் பிசகியிருக்கும் கோடுகள் ஏராளமாக உண்டு. தகைவு போதிய அளவு கூடியதும் அந்தப் பிறழ்வுக் கோடுகள் நகரத் தொடங்கி, அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. பெரிய ஜமக்காளத்தை முழுவதுமாக இழுப்பதைவிட, அதில் ஒரு மடிப்பை உண்டாக்கி அந்த மடிப்பைத் தள்ளிக்கொண்டு போவது எளிது அல்லவா? 1934-இல் டெய்லர், ஓரோவான், போலானி ஆகிய மூவரும் தனித்தனியே இந்த விளக்கத்தை முன்வைத்தனர். இந்த வழுக்கலுக்கு அதிகம் இடம்தராத வார்ப்பிரும்பு, இழுபடும் அடிப்பக்கத்தில் விரிசல் விட்டுத் திடீரென முறிந்துவிடுகிறது. அதற்கு நேர்கோட்டின் முடிவு ஏறக்குறைய சோதனையின் முடிவும்கூட.

இப்போது மென் எஃகுக் கம்பியில் 13 கிலோ வரை ஏற்றிவிட்டு, எடைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவோம். வரைபடம் வந்த வழியே திரும்பாமல், முதல் நேர்கோட்டுக்கு இணையான இன்னொரு நேர்கோட்டில் இறங்கும். சுமை சுழியானபோதும் ஒரு நிரந்தர வளைவு மிஞ்சும். நேராக நிமிர விரும்பும் உள்பகுதிக்கும், நீண்டுபோய்விட்டதால் அதற்கு இடம்கொடாத அடித்தோலுக்கும் இடையே ஓர் இழுபறி கம்பிக்குள் தங்கிவிடுகிறது. கணக்கிட்டால், இழுபட்டுக்கொண்டிருந்த அடித்தோலில் இப்போது சுமார் 75 மெகாபாஸ்கல் அமுக்கத் தகைவு இருக்கும், அதுவும் வெளியிலிருந்து எந்தச் சுமையும் இல்லாமலே. இதே கம்பியை மறுபடியும் அதே பக்கமாகச் சோதித்தால் 10 கிலோவில் இளகாது. 13 கிலோ வரை நேர்கோட்டில் போகும். அதனால் கம்பி வலுவேறிவிட்டதாகத் தோன்றும். அதையே தலைகீழாகத் திருப்பிவைத்து நிமிர்த்த முயன்றால், முன்பே அமுங்கிக் கிடக்கும் அந்தத் தோல் மேலும் அமுங்கி, எளிய கணக்கின்படி 7 கிலோவிலேயே இளகிவிடும். ஒரு திசையில் இளகிய உலோகம் எதிர்த்திசையில் முன்னதாகவே இளகும் என்ற பௌஷிங்கர் விளைவும் சேர்ந்துகொள்வதால், உண்மையான கம்பி அந்த 7 கிலோவுக்கும் முன்பே விட்டுக்கொடுக்கத் தொடங்கும்.