காகத்தையும் எழுதுங்கள்

கொழும்பின் ஈரநிலப் பூங்காக்களில் செடிகொடி, பறவை, தும்பி என்று கணக்கெடுக்க வரும் தன்னார்வலர்களோடு வேலை செய்கிறவள் நான். புதிதாக வருகிற எல்லோரிடமும் முதலில் கேட்டுக்கொள்வது, காகத்தையும் எழுதுங்கள் என்பதுதான். பெத்தகானவிலோ தியசருவிலோ ஒரு காலை முழுக்க நடந்தவர்களின் தாளைப் பார்த்தால் ஆறுமணிக் குருவி இருக்கும், நீளவால் இலைக்கோழி இருக்கும். மைனா, புலுனி, காகம் ஒன்றும் இருக்காது. கேட்டால், "அதுகள் எங்கேயும் நிற்குதுதானே" என்பார்கள்.

எங்கேயும் நிற்கிறவைதான் சத்தமில்லாமல் குறைந்துபோகும். வீட்டு முகட்டில் கூடு கட்டிய சிட்டுக்குருவியைப் பற்றி வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வயதானவர்கள் நிறையக் கதை சொல்வார்கள். எந்த வருடத்தில் குறையத் தொடங்கியது, எந்தத் தெருவில் முதலில் காணாமல் போனது என்று கேட்டால் பதில் இல்லை. நிறைய நின்ற காலத்தில் ஒருவரும் அதை எழுதவில்லை. இன்று உங்கள் தாளில் மைனா இல்லையென்றால், பத்து வருடம் கழித்து அதைப் படிப்பவருக்கு அன்று மைனா வரவில்லையா, வந்தும் நீங்கள் எழுதவில்லையா என்று தெரியப்போவதில்லை.

இதே காரணத்துக்காகத்தான் நேரத்தையும் கேட்கிறோம். "நாலு மடையான்" என்று மட்டும் எழுதினால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பத்து நிமிடத்தில் நாலா, இரண்டு மணி நேரத்தில் நாலா? எத்தனை பேர் பார்த்தீர்கள்? மழையா, வெயிலா? தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த பாதை இந்த மூன்றும் இருந்தால் அடுத்த வருடக் கணக்கோடு ஒப்பிடலாம். அரை மணி நேரம் நின்றும் ஒன்றும் வரவில்லையா? அதுவும் பதிவுதான், எழுதுங்கள்.

அப்புறம், தெரியாததைத் தெரியாது என்று எழுதப் பழக வேண்டும். எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். நீர்க்காகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தியவன்னா ஓயாக் கரையில் மரம் நிறைய உட்கார்ந்திருக்கும். சின்ன நீர்க்காகம் குட்டை அலகுக்காரன். இந்திய நீர்க்காகத்துக்கு அலகு நீண்டு மெலிந்திருக்கும், கண் நீலப்பச்சை. கிட்ட இருந்தால் பிரித்துச் சொல்லலாம். சூரியனுக்கு எதிரே, தூரத்து மரத்தில் சிறகை விரித்துக்கொண்டு நிற்கும்போது அனுபவசாலிகளுக்கும் சிரமம். அப்போது "நீர்க்காகம், இனம் தெரியவில்லை, 12" என்று எழுதினால் அது நல்ல பதிவு. பக்கத்தில் நிற்பவர் சின்ன நீர்க்காகம் என்றார், சரி என்று எழுதிவிட்டேன் என்பது கெட்ட பதிவு. பிழையான பெயர் ஒருமுறை தரவுக்குள் போய்விட்டால் அதைத் தேடி எடுப்பது பெரும்பாடு. பிள்ளைகள் இதில் பெரியவர்களைவிட நேர்மையானவர்கள், தெரியாது என்று சொல்ல அவர்களுக்குக் கூச்சமில்லை.

செடிகளை யாரும் பார்ப்பதில்லை என்பது என் நீண்டகால மனக்குறை. கமராவோடு வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் பறவைக்காகத்தான் வருகிறார்கள். ஆனால் இந்தச் சதுப்புகளின் தலையெழுத்தை இப்போது எழுதிக்கொண்டிருப்பது ஒரு மரம். அன்னமுன்னா குடும்பத்தைச் சேர்ந்தது, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, சிங்களத்தில் வெல் அத்தா என்பார்கள். பளபளக்கும் இலை, ஆப்பிள் போல வழவழப்பான காய். பழமும் விதையும் தண்ணீரில் மிதந்து போய்க் கரையொதுங்கும் இடமெல்லாம் முளைக்கும். புல்லும் கோரையுமாகத் திறந்து கிடந்த சதுப்பு அதன் நிழலில் மூடிப்போகும். திறந்த நீரையும் கோரையையும் நம்பியிருக்கும் இலைக்கோழிக்கும் தாழைக்கோழிக்கும் அங்கே இடமில்லாமல் போகும். பார்ப்பதற்கோ பச்சைப்பசேல் என்று காடு வளர்ந்த மாதிரித்தான் இருக்கும். பறவை தெரியாதவர்கள்கூட இதில் உதவலாம். ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில், மாதம் ஒரு படம். அந்த மரம் எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறது என்பதை அந்தப் படங்கள் காட்டிவிடும்.

கண்ட உயிரினங்களைப் படத்தோடு பதியும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் செடிப் படம் ஏற்றுகிறவர்கள் இலை, பூ, காய், பட்டை என்று தனித்தனியாக எடுங்கள். நட்டு வளர்த்த மரமானால் அதைக் குறிப்பிடும் வசதி அங்கே உண்டு. விகாரமகாதேவி பூங்காவில் எடுக்கும் படங்களுக்கு இது கட்டாயம், இல்லாவிட்டால் தோட்டத்து மரம் தானாக முளைத்த மரமாகக் கணக்கில் ஏறிவிடும்.

மீன்பிடிப் பூனை கொழும்பின் ஈரநிலங்களில் இன்னும் வாழ்கிறது. அதன் கால்தடத்தையோ குட்டியையோ கண்டால் சந்தோஷத்தில் உடனே வாட்ஸ்அப் குழுவில் இடத்தோடு போட்டுவிடாதீர்கள். அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் சரியான இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் பொதுவாக மறைத்தே காட்டும். வாட்ஸ்அப் அப்படி எதையும் மறைக்காது. கூட்டில் இருக்கும் பறவைக்கும் இதே கவனம் வேண்டும். போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே வரவழைப்பது எங்கள் கணக்கெடுப்பில் கிடையவே கிடையாது.

இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், 2018இல் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற முதல் 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. 2010 நவம்பரில் நாடாளுமன்றம் வரைக்கும் வெள்ளம் வந்தபோது, சதுப்பு நிலம் எதற்கு என்று நகரம் முழுவதற்கும் தெரிந்தது. ஆனாலும் நிரப்பும் வேலை நிற்கவில்லை. ஒரு பெரிய திட்டத்துக்குச் சுற்றாடல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கை வந்தால், பொதுமக்கள் கருத்துச் சொல்லக் கிடைப்பது 30 நாள். அந்த 30 நாள் ஜூன் மாதத்தில் வந்தால் என்ன செய்வது? வலசைப் பறவைகள் செப்டெம்பர் முதல் ஏப்ரல் வரைதான் இங்கே நிற்கும். ஜூனில் போய்ப் பார்ப்பவருக்கு அவை வந்துபோகும் இடம் வெறும் புல்வெளி. அப்போது கையில் இருக்க வேண்டியது முந்தைய வருடங்களின் தாள்கள். நேரம், இடம், எண்ணிக்கை, தெரியாதது தெரியாது என்ற குறிப்பு எல்லாம் உள்ள தாள்கள். அழகான படங்கள் மட்டும் இருந்தால், "ஏதோ ஒருநாள் வழிதவறி வந்திருக்கும்" என்று ஒரு வரியில் தள்ளிவிடுவார்கள்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மழைக்குப் பிறகு காலில் காயத்தோடு சதுப்பில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் விளையாட்டல்ல. சரணாலயத்துக்குள் எதையும் பிடிக்கவோ பறிக்கவோ கூடாது. பெல்லன்வில-அத்திடிய 1990 முதல் சரணாலயம், அங்கே ஆய்வு செய்ய வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்தில் ஞாயிறு காலை ஆறரைக்கு ஒரு கொப்பியோடு நில்லுங்கள். பதினைந்து நிமிடம் போதும். அடுத்த ஞாயிறும் அதே பாலம், அதே நேரம்.