ஒரு வயது வரை கட்டணம் இல்லை: கைக்குழந்தைக்குச் சிறுநீரகம் பாதித்தால் கேட்டுப் பெற வேண்டியவை

பிள்ளை பிறந்து முப்பது நாள் தாண்டிவிட்டால் இலவச வைத்தியம் கிடையாது என்ற பேச்சு பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் இன்னும் ஓயவில்லை. கிராம சுகாதார செவிலியராக இந்தக் கடற்கரையில் வேலை பார்த்த காலமெல்லாம் இதைத் திருத்திச் சொல்லிக்கொண்டே இருந்தேன். மத்திய அரசு 2011 ஜூன் 1 அன்று தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் திட்டத்தில் முதலில் 30 நாள் என்றுதான் இருந்தது. 2014-இல் அதை ஒரு வயது வரை நீட்டிவிட்டார்கள். பழைய கணக்கு மட்டும் வாய்வழியாக நிலைத்துவிட்டது.

இந்தத் திட்டப்படி, அரசு மருத்துவமனையில் சேரும் நோயுற்ற குழந்தைக்கு மருந்து, ஊசி, குழாய், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், ஏற்ற வேண்டிய ரத்தம் எதற்கும் காசு இல்லை. வீட்டிலிருந்து மருத்துவமனைக்குப் போகவும், அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு மாற்றவும், குணமானதும் வீடு திரும்பவும் வண்டியும் உண்டு. வருமான வரம்பு கிடையாது. காப்பீட்டு அட்டையும் இதற்குத் தேவையில்லை. தனியார் மருத்துவமனைக்கு மட்டும் இது பொருந்தாது.

இதைச் சிறுநீரகத்தோடு சேர்த்து எழுதக் காரணம் இருக்கிறது. கைக்குழந்தையின் சிறுநீரகம் திடீரென்று செயல் குறைவது வெளியே தெரியாது. வலி என்று சொல்லத் தெரியாத வயது. பணம் புரட்டிக்கொண்டு போகலாம் என்று வீட்டில் காத்திருக்கும் நேரத்தில் உப்புச் சத்துகள் ரத்தத்தில் ஏறிவிடும். பொட்டாசியம் மிக அதிகமானால் இதயத் துடிப்பே தடுமாறும்.

நம் பகுதியில் நான் அதிகம் பயந்தது சித்திரை, வைகாசி மாதங்களுக்குத்தான். தலைப்பிரசவம், தாய்ப்பால் சரியாக ஊறவில்லை, தகரக் கூரை வீட்டில் பிள்ளையைத் துணியால் இறுகச் சுற்றி வைத்திருப்பார்கள். பிள்ளை அழாமல் தூங்கும். 'சமர்த்துப் பிள்ளை' என்பார்கள். உண்மையில் உடலில் நீர் வற்றி அது சோர்ந்து கிடக்கும். அப்படிச் சோர்ந்த பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீரோ உரை மருந்தோ புகட்டாதீர்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர தண்ணீர்கூட வேண்டாம்.

துணியைப் பாருங்கள். பிறந்த பிள்ளை முதல் 48 மணி நேரத்துக்குள் சிறுநீர் கழித்துவிட வேண்டும். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனைய வேண்டும். காலையிலிருந்து துணி நனையவில்லை, பால் குடிக்க மறுக்கிறது, முகமோ காலோ வீங்குகிறது, உடல் சில்லிட்டோ அனலாகவோ இருக்கிறது என்றால் அன்றைக்கே கிளம்பிவிடுங்கள். ஆண் குழந்தை சொட்டுச் சொட்டாகவே ஒன்னுக்குப் போனால் அதையும் சொல்லுங்கள். சிறுநீர்ப் பாதையில் பிறவியிலேயே அடைப்பு இருக்கலாம்.

பிரசவத்தில் மூச்சுத் திணறிய குழந்தை, குறைமாதக் குழந்தை, ரத்தத்தில் கிருமி பரவிய குழந்தை ஆகியோருக்கும் சிறுநீரகம் திடீரென்று பாதிக்கப்படும் ஆபத்து அதிகம். உயிரைக் காக்கப் போடும் ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஊசிகளே சிறுநீரகத்துக்குச் சுமையாவதும் உண்டு. அதனால்தான் மருந்தின் அளவை எடைக்கேற்பக் கணக்கிட்டு, இடையிடையே ரத்தம் எடுத்து, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்க்கிறார்கள். 'பிஞ்சு உடம்பில் எத்தனை தடவை ரத்தம் எடுப்பீர்கள்' என்று சண்டைக்குப் போகாதீர்கள், அந்தச் சோதனை அவசியம். இந்தியா உட்பட நான்கு நாடுகளின் 24 மருத்துவமனைகளில், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 2,022 பச்சிளங் குழந்தைகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். அவர்களில் 605 பேருக்குத் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு இருந்தது. பத்தில் மூன்று பிள்ளைகள்!

வார்டில் செவிலியர் நனைந்த துணியை எடை போட்டுச் சிறுநீரின் அளவைக் கணக்கிடுவதும் இந்தப் பாதிப்பைக் கண்டுபிடிக்கத்தான். மூன்று கிலோ குழந்தை மணிக்கு மூன்று மில்லிகூடக் கழிக்கவில்லை என்றால் கவலைப்பட வேண்டும். சிறுநீர் சரியாகப் போனாலும் ரத்தத்தில் மட்டும் பாதிப்பு தெரிவதுண்டு. பெரும்பாலும் காரணத்தைச் சரிசெய்து, நீரின் அளவை ஒழுங்குபடுத்தினாலே மீண்டுவிடுவார்கள். சிலருக்கு டயாலிசிஸ் தேவைப்படும். இவ்வளவு சின்னக் குழந்தைக்கு வயிற்றுக்குள் மெல்லிய குழாய் வைத்து, அதன் வழியே திரவம் விட்டு எடுப்பதே வழக்கம். அதைக் கேட்டதும் கையெழுத்துப் போடாமல் தூக்கிக்கொண்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். மருத்துவர் சொல்வதை முழுசாகக் கேளுங்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டர். அங்கிருந்து மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல். வாடகைக் கார் பிடித்து வழியில் மூச்சுத் திணறினால் என்ன செய்வது? 108-ஐக் கூப்பிடும்போதே 'பச்சிளங் குழந்தை, வயது இத்தனை நாள்' என்று சொல்லுங்கள். பச்சிளங் குழந்தைகளுக்கென்றே வசதி செய்த வண்டிகளும் அந்தச் சேவையில் உண்டு. மேல் சிகிச்சைக்கு மாற்றும்போதும் வண்டியை மருத்துவமனையே ஏற்பாடு செய்ய வேண்டும். வீடு திரும்பும் வண்டிக்கு 102. வெளியே மருந்து வாங்கி வரச் சொன்னாலோ யாராவது காசு கேட்டாலோ நிலைய மருத்துவ அலுவலரிடம் நேரே சொல்லுங்கள், 104 சுகாதார உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள்.

தனியார் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் கை கொடுப்பது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. பட்டியலில் உள்ள மருத்துவமனையா என்று 1800 425 3993 என்ற எண்ணில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். மீன்பிடித் தடைக்காலத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில்தானே நிற்கின்றன. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த நாட்களிலேயே முடித்து வையுங்கள். மண்டபம் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு இந்த வருமான வரம்பு கிடையாது. பலருக்கு இது தெரியவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

பிள்ளை தேறி வீடு வந்ததும் எல்லாரும் மறந்துவிடுவது மறுபரிசோதனையைத்தான். ஒருமுறை அடிபட்ட சிறுநீரகம் பல வருடம் கழித்துத் தொந்தரவு தரலாம். ரத்த அழுத்தமும் கூடலாம். டிஸ்சார்ஜ் சீட்டை ரேஷன் கார்டோடு ஒரே பையில் வையுங்கள். தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் அதைக் காட்டி, எடையும் ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். பின்னாளில் காய்ச்சலுக்கு மருந்துக்கடைக்குப் போனாலும் அந்தச் சீட்டு கையில் இருக்கட்டும். ஐபுபுரோஃபென், மெஃபனமிக் ஆசிட் கலந்த சிரப்புகளை மருத்துவரைக் கேட்காமல் அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது.