சூழலே துப்பு: புதிர் கேம்கள் நம்மை எப்படித் திணறடிக்கின்றன

சுடோகுவில் எது புதிர் என்ற குழப்பமே வராது. கட்டம் கண் முன்னால் இருக்கிறது, விதியும் தெரியும். மிஸ்ட், ரிவன், தி விட்னஸ் போன்ற கணினி கேம்களில் அந்த வசதி கிடையாது. ஏதோ ஒரு தீவில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். எது புதிர், எது வெறும் அலங்காரம், எந்த நெம்புகோல் எந்தக் கதவுக்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இவற்றில் கணக்கு என்று வருவது பெரும்பாலும் பள்ளிக்கூட அளவுதான். கஷ்டத்தில் பெரும்பங்கு பார்ப்பதிலும் கேட்பதிலும் இருக்கிறது. ஆளை இழுப்பதும் அதுவேதான்.

இந்த வகையை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது மிஸ்ட். 1993 செப்டம்பரில் மெக்கின்டாஷ் கணினிக்கு வந்தது, 60 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ராண்ட் மில்லர், ராபின் மில்லர் சகோதரர்களின் சியான் நிறுவனம் அதை ஹைப்பர்கார்டு மென்பொருளில் கட்டியது. மொத்தம் சுமார் 2,500 நிலைப்படங்கள். ஒவ்வொன்றும் 544-க்கு 333 பிக்சல், 256 வண்ணம். அன்றைய ஒற்றை வேக சிடி டிரைவ் விநாடிக்கு 150 கிலோபைட்தான் படிக்கும். சுருக்காமல் வைத்தால் ஒரு படமே அதைத் தாண்டிவிடும். ஆகவே ஓட்டமும் சாட்டமும் சாத்தியமில்லை. ஒரு படம், அதில் சொடுக்கினால் அடுத்த படம், பின்னணியில் காற்றும் தண்ணீரும். விரட்ட எதிரி இல்லை, ஓடும் கடிகாரமும் இல்லை. வன்பொருளின் பற்றாக்குறையால் வந்த இந்த நிதானம்தான் ஆடுகிறவரின் கண்ணைப் படத்தின் மூலை முடுக்கெல்லாம் மேயவிட்டது.

சூழலும் புதிரும் எப்படி ஒன்றாகப் பின்னப்படுகின்றன என்பதற்கு, மிஸ்டின் தொடர்ச்சியாக 1997-ல் ஐந்து சிடிகளில் வந்த ரிவனை விட நல்ல பாடம் இல்லை. (இனிமேல்தான் அதை ஆடப்போகிறீர்கள் என்றால் இந்தப் பத்தியின் மீதியையும் அடுத்த இரண்டு பத்திகளையும், பின்னால் ரிவன் பற்றி வரும் வரிகளையும் தாண்டிவிடுங்கள்.) அந்த உலகத்தின் எண்கள் 25-ஐ அடிப்படையாகக் கொண்டவை. அவற்றைக் கற்றுத்தர அட்டவணை எதுவும் இல்லை. கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் ஒன்று இருக்கிறது. அதை இயக்கினால் ஒரு குறி தோன்றும். மேலே தொங்கும் சின்ன மனித உருவம் அந்த எண்ணிக்கைக்கு ஏற்றபடி படிப்படியாகக் கீழே இறங்கும். அடியில் ஒரு கடல் மிருகம் வாயைப் பிளந்துகொண்டிருக்கும். எத்தனை படி இறங்கியது என்று எண்ணிக்கொண்டே வந்தால் குறிகளின் மதிப்பு பிடிபடும்.

ஆனால் அது 1 முதல் 10 வரைதான் காட்டும். மீதியை நாமே ஊகிக்க வேண்டும். 5-க்கான குறி, 1-க்கான குறியைக் கால்வட்டம் திருப்பியது. 10 என்பது திருப்பிய 2. அப்படியானால் 15 என்பது திருப்பிய 3-ஆகவும், 20 என்பது திருப்பிய 4-ஆகவும் இருக்க வேண்டும். 17-க்கு 15-ன் குறிமேல் 2-ன் குறியை வைத்தால் போதும். விதி சொல்லப்படவில்லை, ஆனால் கண்டுபிடிக்கத் தேவையானது முழுவதும் கையில் இருக்கிறது. ஒரு புதிர் நேர்மையானதா என்று பார்க்க இதுவே அளவுகோல். அதே பொம்மை இன்னொரு வேலையும் செய்கிறது. அந்த ஊரை ஆள்பவன், எதிர்ப்பவர்களை நிஜமாகவே அந்த மிருகத்துக்கு இரையாக்குகிறவன். பிள்ளைகளுக்கு எண் சொல்லித்தரும் பொருளிலேயே அந்தப் பயமும் ஊறியிருக்கிறது. கதையைப் புரிந்துகொள்ளும் கணமும் எண்ணைப் புரிந்துகொள்ளும் கணமும் ஒன்றாகிவிடுகின்றன. மனதில் அழுத்தமாகப் பதிவது அதனால்தான்.

ரிவனின் புதிர்களைக் குருட்டாம்போக்கில் திறக்க முடியாதபடி எண்ணிக்கையே காவல் காக்கிறது. ஓரிடத்தில் 25 கற்கள். அவற்றில் ஐந்தைச் சரியான வரிசையில் தொட வேண்டும். 25 × 24 × 23 × 22 × 21 என்று பெருக்கினால் 63,75,600 வரிசைகள். ஒரு முயற்சிக்கு 15 விநாடி என்றாலும், தூங்காமல் சாப்பிடாமல் செய்தால் மூன்று வருடம் ஆகும். கடைசிப் பெரும்புதிரில் 25-க்கு 25 கட்டம், அதாவது 625 குழிகள். அவற்றில் தீவுக்கு ஒன்றாக ஐந்து வண்ணக் கோலிகளை வைக்க வேண்டும். எந்த ஐந்து நிறம் என்று தெரிந்த பிறகும் 93 லட்சம் கோடிக்கு மேல் வழிகள் உண்டு. எந்தத் தீவுக்கு எந்த நிறம் என்பது ஓரிடத்தில் தெரியவரும், அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது வேறோரிடத்தில். மனித மூளை ஒரே நேரத்தில் கையாளக்கூடிய தகவல்கள் ஏறத்தாழ நான்குதான் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-ல் மதிப்பிட்டார். இங்கே ஐந்து தீவு, ஒவ்வொன்றுக்கும் நிறம், குறுக்கிடம், நெடுக்கிடம் என்று பதினைந்து தகவல் சேர்கிறது. நோட்டு இல்லாமல் நடக்காது. மிஸ்ட் பெட்டியிலேயே எழுதாத நோட்டு ஒன்றை வைத்துக் கொடுத்ததற்கு இந்தக் காரணம் உண்டு.

ஊகித்து ஊகித்துத் தப்புவதைத் தடுக்க வேறு உத்திகளும் இருக்கின்றன. லூகாஸ் போப் 2018-ல் வெளியிட்ட ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்னில், ஒரு கப்பலில் இருந்த 60 பேரும் யார், என்ன ஆனார்கள் என்று நாம் எழுத வேண்டும். ஒன்றைச் சரியாக எழுதினாலும் கேம் வாயே திறக்காது. மூன்று பேருடையது சரியானால்தான் உறுதிசெய்யும். ஒருவருக்குப் பத்துச் சாத்தியம் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாக உறுதிசெய்தால் மூன்று பேருக்கும் சேர்த்து அதிகபட்சம் 30 முயற்சியில் முடித்துவிடலாம். மூன்றும் சேர்ந்தே சரியாக வேண்டும் என்றால் 1,000 ஆகிவிடும். இதனால் பேச்சின் சாயல், தொங்கும் துணிப் படுக்கையின் எண், காலணி என்று பார்த்தே ஆக வேண்டிய கட்டாயம். பலகைகளில் கோடு இழுத்துப் புதிரை விடுவிக்கும் தி விட்னஸ் (2016) இன்னொரு வழியைப் பிடித்தது: சில பலகைகளில் தப்பாகக் கோடு இழுத்தால் அந்தப் பலகை அணைந்துவிடும். முந்தைய பலகையை மறுபடி போட்டுக் காட்டினால்தான் உயிர் வரும்.

விட்னஸின் பழத்தோட்டத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பலகையில் கிளை கிளையாகப் பிரியும் கோடு. முனைகளில் எதைத் தொட வேண்டும் என்று பலகையில் ஒரு குறிப்பும் இல்லை. பின்னால் நிற்கும் மரத்தில் ஆப்பிள் தொங்கும் கிளை எதுவோ, அதே முனைக்குக் கோடு போக வேண்டும். இரண்டு மூன்று பலகையில் இது பழகிவிடும். பிறகு ஒரு மரத்தில் ஆப்பிளே இருக்காது. கிளை ஒடிந்து தரையில் கிடக்கும். அது எங்கிருந்து ஒடிந்தது என்று பார்த்தால் விடை. ஒரு விதியைக் கற்றுக்கொடுத்து, பழக்கி, பிறகு அந்தப் பழக்கத்தையே லேசாக உடைப்பதுதான் நல்ல புதிர் வடிவமைப்பின் அடிப்படை நடை.

பழக்கம் ஏன் இவ்வளவு பலமாகக் கண்ணை மறைக்கிறது? உளவியலாளர் ஆபிரகாம் லூச்சின்ஸ் 1942-ல் வெளியிட்ட ஜாடிச் சோதனை இதைத் துல்லியமாகக் காட்டியது. 21, 127, 3 அளவுள்ள மூன்று ஜாடிகளைக் கொண்டு 100 அளவு தண்ணீர் எடுக்க வேண்டும். 127-லிருந்து 21-ஐ ஒரு முறையும் 3-ஐ இரண்டு முறையும் கழித்தால் வந்துவிடும். இதே பாணியில் சில கணக்குகளைக் கொடுத்துவிட்டு, 23, 49, 3 ஜாடிகளால் 20 எடுக்கச் சொன்னார். 23-லிருந்து 3-ஐக் கழித்தால் முடிந்தது. ஆனால் பழகியவர்களில் பெரும்பாலானோர் 49-லிருந்து 23, பிறகு 3, இன்னொரு 3 என்று சுற்றிக்கொண்டே போனார்கள். ரிவனில் பலரையும் நிறுத்திய இடம் ஒன்று இதே வகை. ஒரு குகைப் பாதையில் கதவைத் திறந்து உள்ளே போனால், திறந்த கதவுகளே பக்கவாட்டுப் பாதைகளை மறைத்துக்கொண்டு நிற்கும். உள்ளே வந்தபின் கதவைச் சாத்தினால்தான் வழி தெரியும். கேம்களில் கதவைத் திறப்பதே நம் பழக்கம்; சாத்த யாருக்குத் தோன்றும்? பார்வைக்கு ஒரு சின்னத் துப்பும் வைக்காமல் பழக்கத்தை மட்டும் நம்பி ஒளித்ததால் இதை வரம்பு மீறியது என்றே சொல்ல வேண்டும்.

ஒலியிலும் இதே ஆபத்து உண்டு. மிஸ்டில் தண்டவாள வண்டியில் போகும் சுரங்கப் புதிர்வழியில், ஒவ்வொரு சந்திப்பிலும் ஓர் ஒலி கேட்கும். அது திசையைச் சொல்கிறது. எந்த ஒலி எந்தத் திசை என்பதை வேறோர் உலகத்தில், சுழலும் கோட்டையை இயக்கும்போது கற்றுக்கொள்ளலாம். ஆனால் எந்த உலகத்துக்கு முதலில் போவது என்பது நம் இஷ்டம். சுரங்கத்துக்கு முதலில் போனவருக்கு அது வெறும் சத்தம்தான். சாவியை ஓரிடத்திலும் பூட்டை வேறிடத்திலும் வைப்பது சரி. பூட்டிடம் நிற்பவருக்குச் சாவி வேறெங்கோ இருக்கிறது என்ற சாடையாவது தெரிய வேண்டும். காது கேளாதவருக்கு இந்தப் புதிர் மூடிய கதவு. விட்னஸின் பறவையொலிப் பலகைகளும் நிறப் பலகைகளும் அப்படியே. புலனையே துப்பாக வைக்கும்போது, இன்னொரு புலன் வழியாகவும் அந்தத் துப்பு வந்து சேர ஏற்பாடு செய்வது வடிவமைப்பாளரின் கடமை.

டென்மார்க்கின் பிளேடெட் நிறுவனம் 2010-ல் வெளியிட்ட லிம்போவில் கணக்கு வேறு. கறுப்பு வெள்ளையில், புல்லோடு புல்லாகக் கிடக்கும் பொறியை முதல் தடவை பார்ப்பது அரிது. நாம் இயக்கும் பையன் சாவான், சில விநாடியில் பக்கத்திலேயே எழுவான். சாவே பாடம் என்பதால் திரும்ப வரும் தூரம் குறுகியதாக இருந்தே தீர வேண்டும். நீண்டால் பயம் போய் எரிச்சல் வந்துவிடும்.

ஆடுகிறவர்கள் செய்யக்கூடியவை சில. அமைப்புகளில் உள்ள வெளிச்ச அளவை, மங்கலான சின்னம் அரைகுறையாகத் தெரியும்வரை சரிசெய்யுங்கள். பலர் திணறுவது இருட்டில் ஒளிந்த நெம்புகோலால்தான். ஹெட்ஃபோன் போடுங்கள், வயர் உள்ளதாக இருந்தால் நல்லது. புளூடூத்தில் ஒலி தாமதமாக வரும், நேரம் பார்த்துச் செய்யும் இடங்களில் அது காலை வாரும். நோட்டில் விடையை எழுதாமல், பார்த்ததை அப்படியே வரையுங்கள். இயந்திரம் எதிலாவது ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, என்ன நகர்ந்தது, என்ன சத்தம் வந்தது என்று குறியுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் எது நடந்தது என்பது கலங்கிவிடும். அரை மணி நேரம் அசையவில்லை என்றால் வேறு பகுதிக்குப் போங்கள், அல்லது கேமை மூடிவிடுங்கள். பிடித்த பிடி தளர்ந்தபின் 23-லிருந்து 3-ஐக் கழிப்பது தானாகவே தெரியும். அதற்கும் மசியாவிட்டால், முழு விடையை எழுதிய வழிகாட்டியைத் திறக்காமல், படிப்படியாகக் குறிப்பு தருவதைத் தேடுங்கள். முதல் குறிப்பு எங்கே பார்க்க வேண்டும் என்பதோடு நிற்கட்டும். இந்தக் கேம்களில் மீதியைச் செய்ய அதுவே பெரும்பாலும் போதும்.