எட்டுப் புள்ளியில் ஒரு முகம்

செய்தித்தாள் அச்சில் சாம்பல் நிறத்துக்கென்று தனி மை கிடையாது. கறுப்பு மையைச் சிறிதும் பெரிதுமான புள்ளிகளாக இட்டு, சாம்பல் என்று கண்ணை நம்ப வைக்கிறார்கள். வண்ணப் படமும் அப்படியே, நான்கு மைகளின் புள்ளிகள்தான். வழவழப்பான இதழ்த் தாளில் அங்குலத்துக்கு 150 புள்ளி வரிசைகளும் அதற்கு மேலும் போடலாம். நாளிதழ்த் தாள் மையை உறிஞ்சும் என்பதால் அதில் ஏறத்தாழ 85 முதல் 100 வரைதான். விழாப் படத்தைப் பத்திரிகைக்கு அனுப்புகிறவர் இந்த 85-ஐ மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்காரர்கள் ஒரு விழா நடத்துவதாக வைத்துக்கொள்வோம். மேடையில் 20 பேர் ஒரே வரிசை. படம் 15 செ.மீ. அகலத்தில் அச்சாகிறது. ஆளுக்கு 7.5 மி.மீ.; அதில் முகம் மூன்றில் ஒரு பங்கு, 2.5 மி.மீ. புள்ளிக் கணக்கில் எட்டு. கண், மூக்கு, மீசை எல்லாம் அந்த எட்டுக்குள் அடங்கியாக வேண்டும். பொன்னாடை மட்டும் தெளிவாகத் தெரியும். மூன்றே பேரை நிறுத்தினால் ஒரு முகத்துக்கு ஐம்பதுக்கு மேல் கிடைக்கும். யாரை விடுவது என்ற சங்கடத்துக்கு அறிவியலில் தீர்வில்லை.

அதைவிட, பட்டறையில் கொலுசுக்குச் சலங்கை கோக்கும் கைகளை எடுக்கலாம். ஆனால் மெருகேற்றிய வெள்ளி ஒரு கண்ணாடி. எதிரே இருப்பதைத்தான் காட்டும். ஃபிளாஷ் போட்டால் ஒரு வெள்ளைப் பொட்டும், சுற்றிலும் இருட்டறையின் கறுப்பும்தான் மிஞ்சும். விளக்குக்கும் கொலுசுக்கும் நடுவே வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டினால், வேட்டி முழுதும் ஒளிப்பரப்பாகி, வெள்ளி வெள்ளியாகத் தெரியும். பக்கவாட்டில் ஒரு கறுப்பு அட்டைத் துண்டை நிறுத்தினால் விளிம்புகள் எடுப்பாக இருக்கும்.

ஜவ்வரிசிக் குவியலை எடுக்கும்போது வேறு சிக்கல். காட்சி முழுவதையும் சராசரிச் சாம்பலாகக் கருதித்தான் கேமரா வெளிச்சத்தை அளக்கிறது. அதனால் வெள்ளைக் குவியல் அழுக்கேறியதுபோல் வரும். கேமராவில் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +1 அளவுக்கு ஏற்றினால் சரியாகும்.

ஏற்காட்டுப் பனிமூட்டத்துக்கும் இதே +1 பொருந்தும். ஆனால் மூட்டத்தின் நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால், தூரம் கூடக்கூடக் கறுப்பு வெளுத்துக்கொண்டே போகும். ஜூம் செய்தாலும் நடுவில் இருக்கும் மூட்டம் குறையாது. நடந்து கிட்டே போவதுதான் வழி. அங்கே ஃபிளாஷ் போட்டால் லென்சுக்கு முன்னிருக்கும் துளிகளே வெள்ளைத் திட்டுகளாகப் பதியும். மலர்க் கண்காட்சியில் வண்ணத் துணிப் பந்தலையும் கவனியுங்கள்: பச்சைத் துணிக்குக் கீழே நிற்பவர் முகமும் பச்சைதான்.

நாளிதழ்த் தாளில் மை பரவும். தாளில் 50 விழுக்காட்டை மறைக்க வேண்டிய புள்ளிகள், அச்சானதும் 75-ஐ ஒட்டி மறைத்துவிடும். நிழலில் நின்ற முகம் அடைபட்டுப்போவது இதனால்தான். இதை ஈடுகட்டப் பத்திரிகையிலேயே படத்தைச் சரிசெய்வார்கள். நீங்களும் ஃபில்டர் போட்டு வெளுத்து அனுப்பினால் வெளுப்பு இரட்டிப்பாகும். படம் எடுக்கும்போதே முகத்தில் வெளிச்சம் விழச் செய்யுங்கள், போதும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் நீளப் பக்கம் 1,600 பிக்சல் அளவுக்குச் சுருங்கும். 15 செ.மீ. அச்சுக்கு சுமார் 1,200 பிக்சல் போதும் என்பதால் சமாளிக்கலாம் என்று தோன்றும். பக்க வடிவமைப்பாளர் பாதியை வெட்டினால் 800-தான் மீதி. டாக்குமென்டாக அனுப்பினால் அசல் கோப்பே போய்ச்சேரும்.

படக் கோப்புக்குள் கண்ணுக்குத் தெரியாமல் பதித்த குறிப்பும் சாதாரணமாக அனுப்பும்போது அழிந்துவிடுகிறது. அதனால் பெயர்களைத் தனியே, இனிஷியலோடு, இடமிருந்து வலமாக எழுதுங்கள். படத்தைப் பார்ப்பவரின் இடது. மேடையில் நிற்பவரின் இடது அல்ல.