விராலின் புண்ணும் வெதுவெதுப்பைத் தேடும் கெண்டையும்

சேர்வராயன் மலையில் பெய்த மழை சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரியில் வந்து சேர்ந்து, மார்கழிப் பனி தொடங்கும் நாட்களில் விராலைப் புரட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டேன். சென்ற ஆண்டு அப்படிப் புரட்டியபோது, வால் பக்கம் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் செதில் உதிர்ந்து, உள்ளே சதை செக்கச்செவேலென்று குழிந்திருந்தது. மீன் விற்ற அக்கா அதை எடுத்துத் தனியே போட்டார். “பனிக்காலத்தில் விராலுக்கு இப்படிப் புண் விழும் கண்ணு, சாதாக் கெண்டைக்கு விழாது” என்றார். அவர் சொன்ன இரண்டுமே உண்மை. இரண்டுக்கும் காரணம் மீனின் உடலுக்குள் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் விதத்தில் இருக்கிறது.

மீன்களிடையே கொள்ளைநோயாகப் பரவும் இப்படிப்பட்ட கொள்ளைப்புண் 1988-இல் இந்தியாவுக்குள் நுழைந்தது. இதை உண்டாக்குவது அஃபனோமைசிஸ் இன்வடன்ஸ் என்ற, பூஞ்சை போன்ற நுண்ணுயிரி. அதன் வித்துகள் இரண்டு நுண்ணிய வால்களால் நீரில் நீந்தி வந்து, தோல் சிராய்ந்த இடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியதும் முளைத்து, நூல் நூலாகத் தசைக்குள் இறங்குகின்றன.

முதலில் விழித்துக்கொள்வது அந்த இடத்திலேயே காவல் இருக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள். அந்நிய மேற்பரப்பைத் தடவி உணரும் புரதங்கள் அவற்றில் பதிந்துள்ளன. ஆனால் ஒரு செல்லால் ஒரு நூலிழையைக்கூட விழுங்க முடியாது. ஆள் சேர்க்க வேண்டும். அதற்காக அது வெளியே கசியவிடும் சின்னஞ்சிறு புரதங்களே சைட்டோகைன்கள். இன்டர்லூகின்-1 பீட்டா, டி.என்.எஃப். ஆல்பா என்ற இரண்டு சைட்டோகைன்கள் அருகிலுள்ள இரத்தக் குழாய்ச் சுவரை இளக்குகின்றன. இன்டர்லூகின்-8 என்ற இன்னொன்று இரத்தத்தில் ஓடும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களுக்கு வழி காட்டுகிறது. செய்தி வந்த திசையில் புரதத்தின் அடர்த்தி கூடிக்கொண்டே போகும். மல்லிகை மணத்தைப் பிடித்துக்கொண்டு பூக்கடையைத் தேடிப் போவது போல நியூட்ரோஃபில்கள் புண்ணை வந்தடைகின்றன. நாம் புண்ணில் காணும் சிவப்பில் ஒரு பங்கு இந்தக் கூட்டத்தின் அடையாளம்.

மீனுக்கு நம்மைப் போல இரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையும் இல்லை, நிணநீர்க் கணுக்களும் இல்லை. அந்த வேலையில் பெரும்பங்கைச் செவுளுக்குப் பின்னால் இருக்கும் தலைச்சிறுநீரகம் பார்த்துக்கொள்கிறது. மீன் அறுக்கும்போது முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாகத் தெரியும் பட்டையின் முன்பகுதிதான் அது.

வைரஸ் வந்தால் வேறொரு செய்தி புறப்படும். தொற்றிய செல் வெளிவிடும் இன்டர்ஃபெரான் என்ற புரதம், பக்கத்துச் செல்களின் மேல் ஒட்டி, வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் புரதங்களை முன்கூட்டியே தயாரிக்கச் சொல்கிறது. கோழி முட்டையின் சவ்வில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற அறிவியலாளர்கள் 1957-இல் கண்டறிந்த பொருள் இது. மீனிடம் இதே வகை இன்டர்ஃபெரானுக்கான மரபணு 2003-இல்தான் பிடிபட்டது.

இனி அந்த அக்காவின் பேச்சுக்கு வருகிறேன். இந்த மீன்களின் உடல் வெப்பம் நீரின் வெப்பமே. நீர் குளிர்ந்தால் செய்திப் புரதங்களைத் தயாரிப்பதும் மந்தம், செய்தி கேட்டுச் செல்கள் ஊர்ந்து வருவதும் மந்தம். எதிர்ப்புப் புரதங்கள் உருவாவதோ வாரக்கணக்கில் தள்ளிப்போகும். கொள்ளைப்புண் நுண்ணுயிரிக்கு அந்தக் குளிர் பெரிய தடையில்லை. மழைநீர் கலந்து குளத்து நீரின் தன்மை மாறித் தோலும் பலவீனப்படுவதால், கார்த்திகை, மார்கழியில் விரால் மாட்டிக்கொள்கிறது. சாதாக் கெண்டையிலோ அழற்சி செல்கள் வலுவாகத் திரண்டு நூலிழைகளைச் சுற்றி வளைத்து, மேற்கொண்டு ஊடுருவ விடாமல் நிறுத்திவிடுகின்றன.

அந்தக் கெண்டையிடம் நான் வியந்து மாளாத ஒன்று உண்டு. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 24, 28, 32 பாகை செல்சியஸ் நீருள்ள அறைகளை ஒன்றோடொன்று இணைத்து, ஹெர்பிஸ் வைரஸ் தொற்றிய கெண்டைகளை விட்டார்கள். அவை வெதுவெதுப்பான 32 பாகை அறைக்கு நீந்திப் போய்ச் சிறிது காலம் அங்கே தங்கின; பிழைத்தும் கொண்டன. நமக்குக் காய்ச்சல் உள்ளிருந்து வருகிறது, மீன் அதை வெளியே தேடிப் போகிறது. தேடச் சொல்வது டி.என்.எஃப். ஆல்பா. அதைத் தடுத்துவிட்டால் மீன் வெப்பத்தைத் தேடவில்லை.

வைரஸுக்கும் இது தெரியும் என்றே சொல்ல வேண்டும். டி.என்.எஃப். ஆல்பா வழக்கமாகப் போய் ஒட்டும் ஏற்பியைப் போலவே ஒரு போலிப் புரதத்தை அந்த வைரஸ் வெளியே அனுப்புகிறது. செய்தி அந்தப் போலியில் சிக்கிக்கொள்ள, மீன் வெப்பத்தை நோக்கிப் புறப்படுவது தாமதமாகிறது. அதற்குள் வைரஸ் பெருகிக்கொள்கிறது. 2017-இல் வெளியான ஆய்வு இது. போலிப் புரதத்துக்கான மரபணுவை நீக்கிய வைரஸைச் செலுத்தியபோது கெண்டைகள் சீக்கிரமே சூட்டைத் தேடிப் புறப்பட்டன.

ஏரியில் வெயில் ஏறும் ஆழமற்ற ஓரமும் உண்டு, நிழலான ஆழமும் உண்டு. சேலம் பக்கம் இப்போது வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் தொட்டி கட்டி மீன் வளர்ப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். காற்றுக் குழாய் நீரை ஓயாமல் கலக்கும் அந்தத் தொட்டிகளில் எல்லா மூலையிலும் ஒரே வெப்பம். நோயுற்ற மீனின் உடல் ‘சூடான பக்கம் போ’ என்று சொல்லும்போது, அங்கே அதற்குப் போக ஒரு பக்கம் இல்லை.